கைரேகையும் ரகசிய எண்ணும் உழைப்பாளியின் சொத்து

(எம்.ரெட்டியபட்டியில் மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



கூலி, பஞ்சப்படி, ரேஷன் அரிசி, கண்மாய்த் தண்ணீர் ஆகியவற்றைப் பற்றிப் பேசத்தான் நாம் வழக்கமாகக் கூடுகிறோம். இன்று கைரேகையைப் பற்றியும், செல்போனுக்கு வருகிற ரகசிய எண்ணைப் பற்றியும் பேசப் போகிறேன் என்றதும் சிலர் சிரித்தீர்கள். "இதெல்லாம் படித்தவர்கள் சமாசாரம். நமக்கு எதற்கு?" என்று ஒரு தாய் கேட்டார். அந்தக் கேள்விக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும்.

அம்மா, உங்கள் ரேஷன் அரிசி எப்படி வருகிறது? மிஷினில் விரல் வைத்தால் வருகிறது. முதியோர் பென்ஷன் எங்கே விழுகிறது? பாங்குக் கணக்கில் விழுகிறது. அதை எடுக்க விரல் வைக்கிறீர்கள். அருப்புக்கோட்டை மில்லுக்குப் போகிற தம்பியின் பி.எஃப். பணத்தை எடுக்க வேண்டுமானால் செல்போனுக்கு ஒரு ரகசிய எண் வர வேண்டும். கிராம வேலைக் கூலியும் இப்படித்தான். 2005-ம் ஆண்டுச் சட்டப்படி நடந்த நூறு நாள் வேலையில், 2024 ஜனவரி 1 முதல் ஆதார் வழியாகத்தான் கூலி என்று மத்திய சர்க்கார் கட்டாயமாக்கியது. 2025 டிசம்பரில் அந்தச் சட்டத்தையே எடுத்துவிட்டு வேறொரு சட்டம் கொண்டுவந்தார்கள். அதிலும் உடல் அடையாளச் சோதனைக்கு இடம் வைத்திருக்கிறார்கள்.

ஆகவே, நாம் வியர்வை சிந்திச் சம்பாதித்த காசுக்கும் நமக்கும் நடுவில் இன்று ஒரு கதவு நிற்கிறது. நம் விரலும் ரகசிய எண்ணும் அதன் சாவிகள். சாவி யார் கையில் இருக்கிறதோ, காசு அவன் கையில் இருக்கிறது. மானாவாரிக் காட்டில் மிளகாயும் பருத்தியும் போட்டுவிட்டு வானத்தைப் பார்க்கிற நமக்கு, பாங்கில் கிடக்கிற ஆயிரம் ரூபாய் பெரிய பணம். அது போனால் அடுத்த மழை வரைக்கும் வீட்டில் அடுப்பு எரியாது.

கைநாட்டின் கதை

கைரேகை வாங்கும் வழக்கம் புதிதல்ல. அது பிறந்ததே நம் நாட்டில்தான். 1858-ம் ஆண்டு வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற வெள்ளைக்கார அதிகாரி, சாலை போடச் சரக்கு சப்ளை செய்கிற ஒரு காண்ட்ராக்டரிடம் ஒப்பந்தம் எழுதினார். பிற்பாடு அந்த ஆள் பேச்சு மாறக்கூடாது என்பதற்காக அவருடைய முழுக் கையையும் மையில் தோய்த்துக் காகிதத்தில் பதித்துக்கொண்டார். 1897-ல் உலகத்துக்கே முன்னோடியாகக் கல்கத்தாவில் கைரேகை ஆபீஸ் திறக்கப்பட்டது. ரேகைகளை வகை பிரித்து அடுக்கும் முறையை உருவாக்குவதில் பெரும் உழைப்பு உழைத்தவர்கள் அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு இந்திய ஊழியர்கள். பெயரோ அவர்களுடைய மேலதிகாரி ஹென்றிக்குப் போயிற்று. உழைப்பு ஒருவனுடையது, பெயர் இன்னொருவனுடையது. நமக்குத் தெரிந்த சங்கதிதான்.

தென்னாப்பிரிக்காவில் டிரான்ஸ்வால் சர்க்கார் 1906-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. இந்தியர்களும் சீனர்களும் பத்து விரல் ரேகையையும் பதித்துச் சீட்டு வாங்கிக்கொண்டு நடமாட வேண்டும் என்றது. இதை எதிர்த்துத்தான் அங்கே சத்தியாக்கிரகம் தொடங்கிற்று. 1908 ஆகஸ்ட் 16 அன்று ஜோகன்னஸ்பர்க் ஹமீதியா மசூதி மைதானத்தில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட சீட்டுகளைத் தீயிலிட்டார்கள். காந்தியோடு சிறைக்குப் போனவர்களில் தமிழர்கள் ஏராளம். தம்பி நாயுடு அவர்களில் முன்னணியில் நின்றவர்.

நம் பக்கத்துக்கு வருவோம். குற்றப் பரம்பரைச் சட்டத்தை நம் பெரியவர்கள் எப்படி அழைத்தார்கள்? ரேகைச் சட்டம் என்று அழைத்தார்கள். பிறந்த சாதியைக் காட்டி ஒரு மனிதனைக் குற்றவாளி என்று எழுதி, ரேகை எடுத்து, ராத்திரியில் போலீஸ் கண்ணெதிரே படுக்க வைத்த சட்டம் அது. 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூரில், ரேகை வைக்க மாட்டோம் என்று நின்ற ஜனங்கள் மீது போலீஸ் சுட்டது. பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பின்னர் கமுதி, முதுகுளத்தூர் வட்டாரத்திலும் அச்சட்டம் பாய்ந்தது. சென்னை மாகாணத்தில் 1947-ல்தான் அது ஒழிந்தது.

இன்னொரு கைநாட்டும் இருந்தது. வட்டிக்காரன் வெற்றுப் பத்திரத்தில் வாங்கிக்கொண்ட கைநாட்டு. ஐம்பது ரூபாய் கடன் வாங்கினவன் பத்திரத்தில் ஐந்நூறு ரூபாய் ஏறியது இப்படித்தான்.

இதையெல்லாம் நான் ஏன் சொல்கிறேன்? "நீ யார் என்று நிரூபி" என்ற கேள்வி என்றும் ஏழையைப் பார்த்தே கேட்கப்பட்டது. கேட்டவன், "நீ கொடுத்ததை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்" என்று ஒருநாளும் நமக்குக் கணக்குக் காட்டவில்லை. இன்றும் தகராறு இந்த இடத்தில்தான் நிற்கிறது.

ஒற்றைப் பூட்டும் இரட்டைப் பூட்டும்

ஒருவன் தான் இன்னார் என்று காட்ட மூன்று வழிகள் உண்டு. கையில் வைத்திருக்கும் பொருளைக் காட்டலாம். ஏ.டி.எம். கார்டும் செல்போனும் அந்த ரகம். தனக்கு மட்டும் தெரிந்த ஒன்றைச் சொல்லலாம். பின் நம்பரும் பாஸ்வேர்டும் அந்த ரகம். தன் உடம்பையே காட்டலாம். விரலும், கண்ணும், முகமும் அந்த ரகம்.

இவற்றில் ஒன்றை மட்டும் கேட்டால் ஒற்றைப் பூட்டு. இரண்டைச் சேர்த்துக் கேட்டால் இரட்டைப் பூட்டு. ஏ.டி.எம்.மில் கார்டும் வேண்டும், நம்பரும் வேண்டும். கார்டைத் திருடினவனுக்கு நம்பர் தெரியாது. நம்பரை எட்டிப் பார்த்தவனிடம் கார்டு இல்லை. அதனால் பணம் தப்புகிறது. கார்டை வைத்து இன்டர்நெட்டில் பணம் கட்டுவதற்கு இப்படி இரண்டாவது சான்று வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2009-லேயே கட்டாயமாக்கிவிட்டது.

கிராமத்துக்கு வருகிற பாங்கு மிஷினில் என்ன நடக்கிறது? ஆதார் நம்பரைச் சொல்கிறோம், பாங்குப் பெயரைச் சொல்கிறோம், விரலை வைக்கிறோம். பணம் வந்துவிடுகிறது. பின் நம்பர் கிடையாது. செல்போனுக்கு வரும் ரகசிய எண்ணும் கிடையாது. பஸ் ஏறி அருப்புக்கோட்டை போக முடியாத பாட்டிக்கு இது பெரிய உபகாரம்தான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆதார் நம்பர் என்ன ரகசியமா? போகிற ஆபீஸில் எல்லாம் அதன் நகலைக் கொடுத்திருக்கிறோம். மிச்சமிருப்பது விரல் ஒன்றுதான். வசதியுள்ளவன் கணக்குக்கு இரட்டைப் பூட்டு, ஏழையின் கணக்குக்கு ஒற்றைப் பூட்டு. இதுதான் நிலைமை.

அந்த விரலையும் திருடுகிறார்கள், தோழர்களே! நிலப் பத்திரத்தில் கட்டைவிரல் ரேகை இருக்கிறது. சில மாநிலங்களில் அப்பத்திரங்களை அப்படியே இன்டர்நெட்டில் போட்டு வைத்தார்கள். அதை இறக்கி, ரேகையைப் பிரதி எடுத்து, சிலிக்கான் ரப்பரில் பொய் விரல் செய்து பணத்தை எடுத்துவிட்டார்கள். ஆந்திரா, தெலுங்கானா, அரியானா, பெங்களூரு ஆகிய இடங்களில் போலீஸ் இம்மாதிரி வழக்குகள் போட்டிருக்கிறது. 2023-ல் ஆதார் ஆணையம், வைத்திருப்பது உயிருள்ள விரல்தானா என்று சோதிக்கும் புது முறையைக் கொண்டுவந்தது.

இதில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. பின் நம்பர் வெளியே போனால் நாளைக்கே மாற்றிவிடலாம். கார்டு போனால் வேறு கார்டு வாங்கலாம். விரல் ரேகை வெளியே போனால் வேறு விரலுக்கு எங்கே போவது? ஆயுள் முழுவதும் அதே ரேகைதான். ஆனபடியால் ரேகையை எல்லாவற்றையும்விட ஜாக்கிரதையாகக் காக்க வேண்டும். நடப்பதோ நேர்மாறு.

திருடன் எந்த வாசலில் வருகிறான்?

முதல் வாசல், இடைத்தரகன். ஜார்க்கண்டில் ஏழைச் சிறுபான்மை மாணவர்களுக்கு வந்த உபகாரச் சம்பளத்தைத் தரகர்களும் சில பாங்கு ஏஜெண்டுகளும் பள்ளிக்கூட ஆட்களும் சேர்ந்து கொள்ளையடித்ததை 2020-ல் இந்தியன் எக்ஸ்பிரஸ் பத்திரிகை அம்பலப்படுத்தியது. ஆதார் நம்பரும் விரல் ரேகையும் வாங்கிக் கணக்குத் திறந்தார்கள். ஆயிரக்கணக்கில் வந்த பணத்தில் சொற்பத்தைக் கொடுத்துவிட்டு மிச்சத்தை விழுங்கினார்கள். மில்லுக்கு ஆள் கொண்டுபோகும் காண்ட்ராக்டர், தொழிலாளியின் ஏ.டி.எம். கார்டையும் பின் நம்பரையும் தானே வைத்துக்கொண்டால் அதுவும் இதே கதைதான். பி.எஃப். கணக்கில் காண்ட்ராக்டரின் செல்போன் நம்பரைப் பதிந்துவிட்டால், ரகசிய எண் அவன் போனுக்குத்தான் வரும். நம் சேமிப்பின் சாவி அவன் இடுப்பில் தொங்கும்.

இரண்டாவது வாசல், போன். "பாங்கிலிருந்து பேசுகிறோம், உங்கள் கணக்கு நின்றுவிடும், வந்திருக்கிற ஆறு எண்ணைச் சொல்லுங்கள்" என்று ஒருவன் இனிக்க இனிக்கப் பேசுகிறான். அவனுக்கு நம் பெயரும் ஊரும் எப்படித் தெரிந்தது? இந்தக் கேள்விதான் நம்மை மூன்றாவது வாசலுக்குக் கொண்டுபோகிறது.

அந்த மூன்றாவது வாசல், சர்க்காரின் களஞ்சியம். 2021-ம் ஆண்டின் நடுவில், தமிழ்நாட்டு ரேஷன் அட்டைதாரர்களில் ஏறக்குறைய 50 லட்சம் பேரின் விவரங்கள் இன்டர்நெட்டில் கசிந்து கிடப்பதாகப் பெங்களூரைச் சேர்ந்த ஒரு பாதுகாப்புக் கம்பெனி சொன்னது. 2023 ஜூனில், கொரோனா ஊசி போட்டவர்களின் ஆதார், பாஸ்போர்ட் விவரங்களை டெலிகிராம் வழியாக எவரும் பார்க்க முடிகிறது என்ற செய்தி வந்தது. எங்கள் தளம் உடைபடவில்லை என்று மத்திய சர்க்கார் மறுத்தது. பிறகு பீகாரில் ஆளைக் கைது செய்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில், 81.5 கோடி இந்தியரின் விவரங்கள் விற்பனைக்கு என்று ஒருவன் விளம்பரமே செய்தான்.

ஊர்க் களஞ்சியத்தை ஓட்டையாக வைத்துக்கொண்டு, "உன் வீட்டுப் பானையை மூடி வை" என்று குடியானவனுக்கு உபதேசம் செய்வது என்ன நியாயம்? பானையை மூடத்தான் வேண்டும். களஞ்சியத்தின் ஓட்டையை யார் அடைப்பது?

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 2017 ஆகஸ்ட் 24 அன்று சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள், தனிமனித அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். 2018 செப்டம்பர் 26 தீர்ப்பில், பாங்குக் கணக்குக்கும் செல்போனுக்கும் ஆதாரைக் கட்டாயமாக்கியது செல்லாது என்றார்கள். சர்க்கார் உதவித் திட்டங்களுக்கு ஆதார் கேட்கலாம் என்று விட்டுவிட்டார்கள். அதாவது, ஏழைக்குக் கட்டாயம் மிஞ்சியது. 2023-ல் தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஜனங்களின் விவரத்தைப் பத்திரமாக வைக்காத ஸ்தாபனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் போடலாம் என்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த அபராதம் சர்க்கார் கஜானாவுக்குப் போகும். பறிகொடுத்தவனுக்கு அதிலிருந்து ஒரு காசு கிடையாது. சர்க்கார் தன் இலாகாக்களுக்கு விலக்குக் கொடுத்துக்கொள்ளவும் அதே சட்டம் வழி வைத்திருக்கிறது.

சொந்தக்காரனையே வெளியே நிறுத்தும் பூட்டு

பூட்டைப் பலமாகப் போடுங்கள் என்று கேட்கிறோம். அதே மூச்சில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். திருடனை விட்டுவிட்டு வீட்டுக்காரனை வெளியே நிறுத்துகிற பூட்டு நமக்கு வேண்டாம்.

சீமைக்கருவேல் வெட்டிக் கரிமூட்டம் போடுகிற கையில் ரேகை எங்கே இருக்கும்? தீப்பெட்டி ஒட்டுகிற கை, நூல் முடிபோடுகிற கை, அறுபது வருஷம் களை வெட்டின கை, இவையெல்லாம் தேய்ந்த கைகள். மிஷின் இவற்றை "இவர் அவரல்ல" என்று தள்ளுகிறது. உழைத்துத் தேய்ந்ததற்கு அபராதமா?

ஜார்க்கண்டில் சிம்டேகா மாவட்டத்தில் 2017 செப்டம்பரில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். ஆதாரோடு இணைக்கவில்லை என்று ரேஷன் அட்டையை ரத்து செய்திருந்தார்கள். சோறு கேட்டுச் செத்தாள் என்று தாய் சொன்னார். காய்ச்சலில் செத்தாள் என்று அதிகாரிகள் சொன்னார்கள். அட்டை ரத்தானதை யாரும் மறுக்க முடியவில்லை. அடுத்த மாதமே ஆதார் ஆணையம், விரல் பதியவில்லை என்பதற்காக எவருக்கும் ரேஷனை மறுக்கக் கூடாது என்று சுற்றறிக்கை விட்டது. தமிழ்நாட்டிலும், விரல் பதியாவிட்டால் மாற்று வழியில் பொருள் கொடுக்க வேண்டும் என்று சர்க்கார் சொல்லியிருக்கிறது. "விரல் விழவில்லை, நாளைக்கு வா" என்று யாராவது சொன்னால், அந்த உத்தரவைச் சொல்லிக் கேளுங்கள். தனியாகக் கேட்காதீர்கள், நாலு பேராகப் போய்க் கேளுங்கள்.

நாம் செய்ய வேண்டியவை

ஒன்று. ஒரு தடவை விரல் வைத்தால் ஒரு சீட்டு. "பதியவில்லை, இன்னொரு தடவை வையுங்கள்" என்று சொன்னால், முதல் தடவை பதியவில்லை என்பதற்குச் சீட்டுக் காட்டச் சொல்லுங்கள். அதற்குப் பிறகே மறுபடி விரல் வையுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையைக் கூட அழைத்துப் போங்கள்.

இரண்டு. செல்போனுக்கு வருகிற ரகசிய எண்ணை எவருக்கும் சொல்லாதீர்கள். பாங்கு மானேஜரே கேட்டாலும் சொல்லாதீர்கள். உண்மையான பாங்கு அதைப் போனில் கேட்பதில்லை.

மூன்று. பாங்குக் கணக்கிலும், ஆதாரிலும், பி.எஃப்.பிலும் பதிந்திருப்பது யாருடைய செல்போன் நம்பர் என்று இந்த வாரமே பாருங்கள். காண்ட்ராக்டர் நம்பரோ பழைய நம்பரோ இருந்தால் மாற்றுங்கள். சிம் கார்டு உங்கள் பெயரில் இருக்கட்டும்.

நான்கு. ஏ.டி.எம். கார்டின் மீதே பின் நம்பரை எழுதி வைக்காதீர்கள். பிறந்த வருஷத்தையும் 1234-ஐயும் நம்பராக வைக்காதீர்கள். பாங்குக்கு ஒன்று, போனுக்கு ஒன்று என்று வேறு வேறாக வையுங்கள். போனுக்குப் பூட்டு எண் போடுங்கள்.

ஐந்து. ஆதார் நகல் கொடுக்கும்போது, எதற்காக, எந்தத் தேதியில் கொடுத்தோம் என்று அதன் மேல் குறுக்கே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். கடைசி நாலு எண் மட்டும் தெரிகிற ஆதாரும் உண்டு. அது போதும் என்கிற இடத்தில் அதைக் கொடுங்கள்.

ஆறு. விரல் ரேகையைப் பூட்டி வைக்கும் வசதி ஆதாரில் இருக்கிறது. ஆதார் செயலியிலோ ஆதார் சேவை மையத்திலோ பூட்டலாம். பூட்டியிருக்கும்போது பொய் விரலால் பணம் எடுக்க முடியாது. ஆனால் ரேஷன் கடையிலும் பாங்கு மிஷினிலும் உங்கள் விரலும் வேலை செய்யாது. போகுமுன் தற்காலிகமாகத் திறந்துகொள்ள வேண்டும். விவரம் தெரிந்த தோழரை வைத்துக்கொண்டு இதைச் செய்யுங்கள்.

ஏழு. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு வீட்டில் உட்காராதீர்கள். ஏமாந்தவன் குற்றவாளி அல்ல. உடனே 1930 என்ற நம்பருக்குப் போன் செய்யுங்கள். பாங்குக்குப் போய் எழுத்து மூலம் புகார் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகச் சீல் வாங்குங்கள். இதில் நேரம்தான் முக்கியம். 2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி வகுத்த விதி என்ன சொன்னது? பாங்கின் அஜாக்கிரதையால் போன பணத்துக்கு வாடிக்கையாளர் பொறுப்பல்ல. பாங்கும் நாமும் தவறு செய்யாமல் வெளியாள் திருடியிருந்தால், மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தவருக்கு நஷ்டமில்லை. வாடிக்கையாளர்தான் பொறுப்பு என்று நிரூபிப்பது பாங்கின் வேலை. ரகசிய எண்ணை நாமே சொல்லியிருந்தால், தகவல் தருகிற வரை போனது நம் தலையில். அதனால்தான் வாயைக் கட்டச் சொல்கிறேன், காலைத் தாமதிக்காதே என்கிறேன்.

சங்கம் செய்ய வேண்டியவை

இவ்வளவையும் ஒரு கரிமூட்டத் தொழிலாளி தனியாகச் செய்துவிட முடியுமா? முடியாது. ஆகவே ஒவ்வொரு கிளையிலும் படித்த இளைஞர்கள் இரண்டு பேரை, அதில் ஒருவர் பெண்ணாக, இந்த வேலைக்கு ஒதுக்க வேண்டும். மாதத்தில் ஒரு நாள் ஊர்ச் சாவடியில் உட்கார்ந்து, பாஸ்புத்தகம் பார்த்துச் சொல்வது, பி.எஃப். கணக்குச் சரிபார்ப்பது, மனு எழுதுவது என்று செய்யட்டும். ஆனால் அவர்களும் யாருடைய பின் நம்பரையும் கேட்கக் கூடாது, எழுதியும் வைக்கக் கூடாது. நம் தோழர் என்பதற்காக விதியைத் தளர்த்தாதீர்கள்.

நம் கோரிக்கைகள் இவை. கிராமத்து பாங்கு மிஷினில், விரும்புகிறவர்களுக்கு இரண்டாவது பூட்டு வேண்டும். ஒவ்வொரு பட்டுவாடாவுக்கும் தமிழில் சீட்டு வேண்டும். விரல் பதியாதவருக்கு மாற்று வழி சட்டபூர்வமான உரிமையாக வேண்டும். ஜனங்களின் விவரம் கசிந்தால் சர்க்கார் இலாகாவும் கோர்ட்டில் பதில் சொல்ல வேண்டும். பறிகொடுத்தவருக்கு நஷ்டஈடு வேண்டும். காண்ட்ராக்டர் தொழிலாளியின் கார்டையும் பாஸ்புத்தகத்தையும் வைத்திருப்பது குற்றமென நடவடிக்கை எடுக்க வேண்டும்.

தோழர்களே! நம் பாட்டனார் வெற்றுப் பத்திரத்தில் கைநாட்டு வைத்தார். அவருக்குச் சொல்ல ஆளில்லை, சங்கமில்லை. நமக்குச் சங்கம் இருக்கிறது. எழுத்தறிந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். இந்தப் பத்திரிகை இருக்கிறது. விரலை நீட்டுமுன் கேளுங்கள்: எதற்கு? எவ்வளவு? சீட்டு எங்கே? இந்த மூன்று கேள்வியை நூறு பேர் சேர்ந்து கேட்கத் தொடங்கினால் எந்தத் தரகனும் நம் ஊருக்குள் கால் வைக்கத் தயங்குவான்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் பாஸ்புத்தகத்தோடு வாருங்கள். வேலையை அன்றைக்கே ஆரம்பிப்போம்!